பெரியவர்களுக்கான காக்ளியர் இம்பிளான்ட்: 14 மாதப் பயன்பாட்டுக்குப் பின் என் மதிப்பீடு

மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கண்ணைப் போலவே காதும் முக்கியம். மூலப்படியை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் அச்சுப்படியில் வரிவரியாகத் தொடர்ந்து சரிபார்ப்பதே எங்கள் அச்சகத்தின் வழக்கம். திருவல்லிக்கேணியில் 26 ஆண்டுகள் அந்த வேலையைச் செய்த எனக்கு, 45 வயதுக்குப் பிறகு, எதிரில் இருப்பவர் படித்தது ‘பல்லி’யா ‘பள்ளி’யா என்பது விளங்காமல் போகத் தொடங்கியது. அதன்பின் 12 ஆண்டுகள் காது மெஷின் அணிந்தேன். அது சத்தத்தைக் கூட்டித் தந்ததே தவிர, சொல்லைப் பிரித்துத் தரவில்லை. இறுதியில் 59ஆம் வயதில் வலது காதில் காக்ளியர் இம்பிளான்ட் பொருத்திக்கொண்டேன்.

காது மெஷின் ஒலியைப் பெருக்கி, உள்காதில் ஒலியை உணரும், ஏற்கெனவே சிதைந்துபோன மயிர் செல்களிடமே மறுபடியும் ஒப்படைக்கிறது. இம்பிளான்ட்டோ அவற்றைக் கடந்து செவி நரம்பையே மின்துடிப்புகளால் தூண்டுகிறது. காதுக்குப் பின்னால் மாட்டும் ப்ராசசர் என்ற சிறு கருவி பிடிக்கும் ஒலி, காந்தத்தால் தலையில் ஒட்டிக்கொள்ளும் ‘காயில்’ என்ற கம்பிச்சுருள் வழியாகத் தோலுக்கு அடியில் வைத்த பகுதிக்குச் சென்று, அங்கிருந்து உள்காதின் நத்தை எலும்புக்குள் (காக்ளியா) செலுத்திய மின்முனைகளை அடைகிறது. நல்ல காதில் ஏறத்தாழ 3,500 உள் மயிர் செல்கள் செய்கிற வேலையை, தயாரிப்பாளரைப் பொறுத்து 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் செய்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், கருவி எதைத் தரும், எதைத் தராது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. முன்னதாக நிமோகாக்கல் தடுப்பூசி, பிறகு மூன்று மணி நேர அறுவை, மருத்துவமனையில் இரண்டு இரவுகள், நாக்கின் ஒரு பக்கத்தில் இரண்டு மாதங்கள் நீடித்த சுவைக்குறைவு, அவ்வளவுதான். அந்தக் காதில் மிச்சமிருந்த இயற்கையான செவித்திறன் போய்விடக்கூடும் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார், அது போய்விட்டது.

மூன்று வாரங்கள் கழித்து சுவிட்ச் ஆன் செய்தபோது, என் மனைவி பேசியதும் மின்விசிறி சுழன்றதும் ஒரே மாதிரியான கீச்சொலியாகவே கேட்டன. அன்று நான் கலங்கிப்போனேன். இந்தப் புதிய குறிப்புகளைச் சொற்களாகப் படிக்க மூளைக்கு மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும் என்பதையும், அந்தப் பழக்கத்துக்கு வழிகாட்டுவதே சிகிச்சையின் பெரும்பகுதி என்பதையும் எவரும் எனக்கு அழுத்திச் சொல்லியிருக்கவில்லை.

என் முதன்மையான குறை இங்கேதான். ஒவ்வொரு மின்முனைக்கும் கேட்கத் தொடங்கும் அளவையும் தாங்கக்கூடிய உச்ச அளவையும் நிர்ணயிப்பதை மேப்பிங் என்கிறார்கள். நான் முதலில் சென்ற இடத்தில், கட்டணத்துக்குள் அடங்கிய நான்கு அமர்வுகளும் பதினைந்து நிமிடங்களுக்குள் முடிந்தன. உரத்த ஒலி வரும்போதெல்லாம் வலது கண்ணிமை துடிக்கிறது என்று நான்கு முறையும் சொன்னேன்; போகப்போகச் சரியாகிவிடும் என்பதே பதிலாக இருந்தது. பயிற்சிக்குப் பூனை, பந்து, அம்மா என்று குழந்தைகளுக்கான பட அட்டைகளைக் கொடுத்தார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு மொழியைக் கேட்டு வாழ்ந்தவருக்கு வேண்டியது அதுவன்று. இத்தனைக்கும் 1978இல் மெல்போர்னில் ஆஸ்திரேலிய மருத்துவர் கிரேம் கிளார்க், தாம் உருவாக்கிய காக்ளியர் இம்பிளான்ட்டை முதலில் பொருத்தியதே விபத்தில் செவித்திறனை இழந்த ஒரு பெரியவருக்குத்தான்.

ஐந்தாம் மாதத்தில் நகரின் தென்பகுதியில் தனியாக மையம் நடத்தும் ஓர் ஆடியாலஜிஸ்டிடம் (செவித்திறன் நிபுணர்) மாறினேன். முதல் அமர்வே ஒன்றரை மணி நேரம் நடந்தது. முகநரம்பைத் தூண்டிக்கொண்டிருந்த மின்முனையைக் கண்டுபிடித்து அணைத்தார்; இமைத்துடிப்பு அன்றே நின்றது. வீட்டில் பழைய மெய்ப்புத் தாள்களை என் மனைவி முகத்தை மறைத்துக்கொண்டு படிக்க, நான் கேட்டதை எழுதிக்காட்டும் பயிற்சியையும் அவரே வகுத்துத் தந்தார். முதலில் தெளிந்தவை குறில் நெடில் வேறுபாடும் ஒற்று இரட்டிப்பும். கல், கால், படு, பட்டு, புளி, புள்ளி போன்றவை ஆறு வாரங்களில் பிழையின்றி வந்துவிட்டன, ஏனெனில் ஒலியின் கால அளவை இந்தக் கருவி நன்றாகவே கடத்துகிறது. கலை, களை, கழை என்பவை அப்படி வரவில்லை. நாவின் இடத்தைக் காட்டும் நுட்பமான அதிர்வெண் வேறுபாடுகள் அத்தனை சில மின்முனைகளுக்குள் மங்கிவிடுகின்றன. இன்று, அமைதியான அறையில், பத்துக்கு ஏழு முறை சரியாகச் சொல்கிறேன். ழகரத்தைப் பலர் ளகரமாகவே ஒலிப்பதால், மீதமுள்ள பிழை முழுவதையும் கருவியின் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

ரங்கநாதன் தெருவின் இரைச்சலில் உடன் வருபவரின் பேச்சு இன்னும் பிடிபடுவதில்லை. தொலைபேசியில் மகளுடன் பேச முடிகிறது, புதியவர்களுடன் முடிவதில்லை. சென்னையின் வியர்வைக்கும் ஈரக்காற்றுக்கும் ப்ராசசரை இரவுதோறும் உலர்பெட்டியில் வைப்பது கட்டாயம். எட்டாம் மாதத்தில் காயில் கேபிள் பழுதாகி, மாற்றுக் கேபிள் வந்துசேர 11 நாட்கள் ஆயின. அந்த நாட்களில் வலது காதில் எந்த ஒலியும் இல்லை. வாங்கும்போதே உபரிக் கேபிள் ஒன்றைக் கேட்டுப் பெறுங்கள்.

செலவு எல்லாம் சேர்த்து 9 லட்சம் ரூபாயைத் தாண்டியது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இந்தச் சிகிச்சையைத் தருகிறது. என் வயதில் கைப்பணத்தைத்தான் நம்ப வேண்டியிருந்தது. என் தனியார் காப்பீடு மருத்துவமனைச் செலவை ஏற்றது, கருவியின் விலையை ஏற்கவில்லை. எந்த நிறுவனத்தின் கருவி என்று ஆராய்வதற்கு நான் செலவிட்ட நேரத்தில் பாதியையாவது, மேப்பிங் யார் செய்வார், எத்தனை அமர்வுகள், பெரியவர்களுக்கு எத்தகைய பயிற்சி என்று விசாரிப்பதற்குச் செலவிட்டிருக்க வேண்டும். ஆயினும், என் மனைவி சமையலறையிலிருந்து கேட்ட கேள்விக்கு முகம் பார்க்காமல் பதில் சொல்ல முடிகிற இந்த நிலைக்கு, அந்தத் தொகை தகும் என்றே கருதுகிறேன்.

மார்கழியில் மயிலாப்பூரில் ஒரு கச்சேரிக்குப் போனேன். மிருதங்கத்தின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. ஆதி தாளத்தைத் தொடையில் தட்டி எண்ண முடிந்தது. பாடியது எந்த ராகம் என்பது மட்டும் தெரியவில்லை. இடது காதில் காது மெஷினை மாட்டியபோது, தம்பூராவின் மந்தர ஸ்வரம் அடியில் வந்து சேர்ந்து, பாட்டு கொஞ்சம் பாட்டாயிற்று. இடது காதுக்கும் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாம் என்று மருத்துவர் சொல்கிறார். அந்தக் காதில் எஞ்சியிருக்கும் தாழ்ந்த ஒலிகளும் அதோடு போய்விடக்கூடும் என்பதால், இன்னும் சம்மதம் சொல்லவில்லை.