பாக வழக்கா, சமரச மையமா? என் பங்கு நிலம் கைக்கு வந்த வழி

சேலம் அயோத்தியாப்பட்டணம் பக்கத்தில் அப்பா விட்டுப்போன 3 ஏக்கரில் என் பாகத்தைக் கேட்டு, இரண்டு அண்ணன்கள் மேலும் வழக்குப் போட்டவள் நான். மூன்று வருஷம் வாய்தாவுக்கு நடந்தேன். கடைசியில் கோர்ட்டோடு சேர்ந்த சமரச மையத்தில், நடுநிலையான ஒருவர் முன்னால் உட்கார்ந்து பேசித்தான் முடித்தோம். சொந்தத்தில் யாருக்குச் சொத்துத் தகராறு வந்தாலும் இப்போது எனக்குப் போன் வருகிறது. அவர்களிடம் சொல்வதையே இங்கே எழுதுகிறேன். நான் சமரசத்தின் பக்கம்தான்.

கோர்ட்டில் நாள் ஆகும், நிம்மதி போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். செலவை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். 1987ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே அது இருக்கிறது. கூட்டு அனுபவத்தில் உள்ள சொத்தில் பாகம் கேட்டால் கோர்ட் கட்டணமும் சொற்பம். பண வழக்கென்றால் 3 சதவீதம், 10 லட்சத்துக்கு 30,000 ரூபாய். சமரசமாக முடிந்தால் அது திரும்பக் கிடைக்கும். கோர்ட்டுக்கு வெளியே தாங்களாகவே பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் இது உண்டு என்று 2021ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

நான் எடைபோடுவது ஒன்றைத்தான். தீர்ப்பு வந்தபிறகு நிலம் கைக்கு வருமா?

பாக வழக்கில் ஜெயித்தால் முதலில் வருவது முதல்நிலைத் தீர்ப்பாணை. உனக்கு மூன்றில் ஒன்று என்று அது சொல்லும். எந்த ஒன்று என்று சொல்லாது. அதற்குக் கோர்ட் ஒரு கமிஷனரைப் போட வேண்டும். அவர் சர்வேயரைக் கூட்டிவந்து அளந்து வரைபடம் கொடுப்பார். அதற்கு எதிர்த்தரப்பு ஆட்சேபணை போடும். அப்புறம்தான் இறுதித் தீர்ப்பாணை, அதுவும் முத்திரைத்தாளில். அதற்குப் பிறகும் அவர்கள் இடத்தை விடவில்லை என்றால் தீர்ப்பை நடத்திவைக்கக் கேட்கும் நிறைவேற்று மனு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா வந்து ஒப்படைக்க வேண்டும். நடுவில் இங்கே ஒரு மேல்முறையீடு, சென்னையில் இரண்டாம் மேல்முறையீடு. நிறைவேற்று மனுவை 6 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2021லும், இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு வரட்டும் என்று காத்திருக்காமல் விசாரணை நீதிமன்றமே வழக்கைத் தொடர வேண்டும் என்று 2022லும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எவ்வளவு பேர் இந்த இடத்தில் மாட்டிக்கொண்டிருந்தால் அப்படிச் சொல்ல நேரும்? என் பெரியப்பா மகள் ஜெயித்த தீர்ப்பின் நகல் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. காட்டில் இன்னமும் அவள் தம்பிதான் மரவள்ளி போடுகிறார்.

சமரசத்தில் இந்தப் படிக்கட்டு கிடையாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் அது கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பாணையாகவே வரும். சம்மதித்து வாங்கிய தீர்ப்பாணைக்கு மேல்முறையீடு கிடையாது. சொன்னபடி நடக்காவிட்டால் அதை வைத்தே நிறைவேற்று மனு போடலாம். ஆனால் தானாக ஒத்துக்கொண்டவர், தோற்றுப்போனவரைப் போல வீம்புக்கு நிலத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது அபூர்வம்.

எங்களுக்கு நாலு அமர்வு ஆனது. கட்டணம் கிடையாது. சமரசர் முதலில் எல்லோரையும் சேர்த்து வைத்துக் கேட்டார், பிறகு தனித்தனியாக. அங்கே பேசியதைக் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது என்று அவர் சொன்னபிறகுதான் பெரிய அண்ணன் வாயைத் திறந்தார். அவருக்கு நிலத்தைவிடக் கிணற்றின் மேல்தான் பயம்.

"ஏம்மா, கிணத்தையும் மூணாக் கூறு போடுவியா?"

"கிணறு உங்க பக்கமே இருக்கட்டும்ண்ணா. தண்ணி முறையை மட்டும் எழுதிக் குடுங்க."

மூன்று வருஷத்தில் நாங்கள் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. கோர்ட்டில் நான் கேட்டிருந்தது மூன்றில் ஒரு பாகம், அவ்வளவுதான். சமரசத்தில் என்னென்ன எழுத முடிந்தது பாருங்கள்: யாருக்கு எந்தக் கிழமை மோட்டார், மோட்டார் கெட்டால் யார் எவ்வளவு போடுவது, என் காட்டுக்கு வண்டி போக 12 அடித் தடம், அந்த வருஷம் குத்தகைக்கு விட்டிருந்த மல்கோவா மரங்களின் பணம். விவசாயக் குடும்பத்தில் சண்டை மூளுவது இந்த மாதிரி இடங்களில்தான்.

எழுதும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பிராதில், அதாவது வழக்குப் போடும்போது கொடுக்கும் மனுவில், இல்லாத சொத்தைச் சமரசத்தில் சேர்த்தால், அந்தத் தீர்ப்பாணையைப் பதிவு செய்தாக வேண்டும். அதனால் எல்லா சர்வே எண்ணையும் பிராதிலேயே கொண்டுவந்துவிடுங்கள். எல்லை காட்டும் வரைபடத்தையும் இணையுங்கள். பின்னால் தாலுகா ஆபீஸில் உட்பிரிவு பட்டாவுக்கு அதுதான் கைகொடுக்கும்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு பெருமை இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு, வழக்குகளைச் சமரசத்துக்கு அனுப்பும் பிரிவு, 2002 ஜூலையில் அமலுக்கு வந்தது. அந்தச் சட்டத்திருத்தங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது சேலம் வக்கீல்கள் சங்கம். திருத்தங்கள் செல்லும் என்று தீர்ப்பானது. ஆனால் அந்த வழக்கில்தான் குழு போட்டு, சமரசத்துக்கு மாதிரி விதிகள் எழுதப்பட்டன. 2005ல் வந்த தீர்ப்பு இன்றைக்கும் நாடு முழுக்க நம் ஊர்ப் பெயரோடுதான் மேற்கோள் காட்டப்படுகிறது. அதே 2005ல்தான் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மையமும் தொடங்கியது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்கள் நீதிமன்றம் தொகை மட்டுமே பிரச்சினையாக உள்ள வழக்குக்கு நல்லது: விபத்து இழப்பீடு, பேங்க் கடன், செக் வழக்கு. அங்கே வரும் முடிவும் தீர்ப்பாணைதான், அதற்கும் மேல்முறையீடு இல்லை. கிணறு, தடம் என்று உட்கார்ந்து பேச அந்த ஒரு நாள் போதாது. மத்தியஸ்தர் தீர்ப்பாயம் (ஆர்பிட்ரேஷன்) பக்கம் நான் போனதில்லை. தகராறு வந்தால் அங்கே போவோம் என்று ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதிவைத்த வியாபாரக் கூட்டாளிகளுக்கு அது பொருந்தும் என்பது என் எண்ணம். ஊர்ப் பெரியவர்களை வைத்துக் கூர்ச்சீட்டு, அதாவது பாகம் பிரித்துக்கொண்ட தாள், எழுதுவது எங்கள் பக்கம் பழக்கம். ஒற்றுமையாக இருக்கும் குடும்பத்தில் அது நிற்கும். சண்டை வந்தால், பதிவு செய்யாத அந்தத் தாளே இன்னொரு வழக்குக்கு விதையாகிவிடும். அடியாளை வைத்து மிரட்டும் கட்டப்பஞ்சாயத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள்.

கோர்ட்டே கதி என்ற நிலையும் உண்டு. போலிப் பத்திரம், ஆள்மாறாட்டம், உங்கள் இடத்தில் ஒருவர் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருப்பது, இதற்கெல்லாம் சமரசம் பேசிக்கொண்டிருக்க முடியாது. உடனே தடையுத்தரவு வாங்க வேண்டும். நான் வழக்குப் போட்டதும் தப்பில்லை. வழக்கு நடக்கும்போது சொத்தை விற்றால், வாங்கியவரையும் அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். அது தெரிந்ததும் அண்ணன்கள் விலை பேசுவதை நிறுத்தினார்கள்.

ஆனால் என்னைப் போல மூன்று வருஷம் காத்திருக்காதீர்கள். எதிர்த்தரப்பின் பதிலான எதிர்வாதவுரை தாக்கலானதுமே, வழக்கைச் சமரச மையத்துக்கு அனுப்பும்படி கேட்கச் சொல்லி வக்கீலிடம் சொல்லுங்கள். பேச்சு முறிந்தாலும் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். கூப்பிட்ட நாளில் வக்கீலை மட்டும் அனுப்பாமல் நீங்களும் போய் உட்காருங்கள்.