ஓசேஜ் ஆரஞ்சு: தானாகப் பரவியதா, மனிதர் பரப்பியதா?

ஓசேஜ் ஆரஞ்சு ஓர் அமெரிக்க மரம். பெயர்தான் ஆரஞ்சு, சொந்தமெல்லாம் பலாவும் முசுக்கொட்டையும். காய் பச்சையும் மஞ்சளுமாய்ச் சுருக்கம் விழுந்த உருண்டை. கீறினால் பலா மாதிரியே பால் பிசுபிசுக்கும்.

இயற்கை வழி: காய் மரத்தடியிலேயே விழுந்து கிடக்கும். அணில் பிய்த்து விதையைத் தின்றுவிடும். வெள்ளம் அடித்துப்போனால் உண்டு. மாமூத் (அழிந்துபோன யானை வகை) போன்ற பெருவிலங்குகள் ஒரு காலத்தில் விழுங்கிப் பரப்பியிருக்கலாம் என்பது ஊகம். அவை போனபின் டெக்சாஸ், ஓக்லஹோமா, ஆர்கன்சா பக்கம் ரெட் ஆற்றை ஒட்டியே மரம் முடங்கியது.

மனிதர் வழி: என் ஓட்டு இதற்குத்தான். 19-ஆம் நூற்றாண்டில் இல்லினாய், கான்சாஸ் விவசாயிகள் உயிர்வேலியாக வரிசை வரிசையாய் நட்டார்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும். முள்ளுக்குப் பயந்து மாடு நுழையாது. 1874-இல் ஜோசப் கிளிடனின் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்ததும் வேலியின் மவுசு போனது. மரம் போகவில்லை, எளிதில் உளுக்காத அதன் கட்டையையே அந்தக் கம்பிக்குக் கம்பமாக நட்டார்கள்.