கிராஸ்ஓவர் போர்டை யார் கையிலும் கொடுத்தனுப்பாதீர்கள்: எனக்கு 6,800 ரூபாயும் ஒரு டிவீட்டரும் போச்சு

பழைய ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள், அதிலும் ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் அப்பா காலத்துப் பெட்டிகளை விற்க மனசு வராமல் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டு அப்புறம் சர்வீஸ் ஆளை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை, கையில் ஒழுங்கான பில் இல்லாமல் பெயரை இழுத்து என்னால் சண்டை போட முடியாது. ஆனால் நடந்ததை விடாமல் சொல்கிறேன், ஏனென்றால் எனக்குச் செய்ததை அந்த ஆள் இன்னும் நாலு வீட்டில் செய்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. அந்த நாலு வீட்டிலும் "புதுசு போட்டாச்சு, சூப்பரா இருக்கு" என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

நைனா துறைமுகத்தில் வேலை பார்த்தவர் (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்). 1983இல் அரியர்ஸ் பணம் மொத்தமாக வந்தபோது பர்மா பஜாரில் இந்த ஜோடியை வாங்கினார், இங்கிலாந்தில் செய்தது, கனத்த சத்தத்துக்கு ஒரு வூஃபர், கூர்மையான சத்தத்துக்கு ஒரு டிவீட்டர் உள்ள சாதாரண இருவழிப் பெட்டிதான். அம்மா ஒரு மாதம் அவரிடம் சரியாகப் பேசவில்லையாம். நைனா போன பிறகும் பெட்டிகள் அதே இடத்தில்தான் இருக்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் வந்தபோது, ஃபிரிட்ஜை விட்டுவிட்டு நானும் என் மனைவியும் முதலில் இந்த இரண்டையும்தான் தூக்கிக் கட்டில் மேல் வைத்தோம்.

போன வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் மந்தமானது. பாட்டு கேட்கிறது, குரல் கேட்கிறது, ஆனால் மேலே ஒரு போர்வை போர்த்தின மாதிரி. நைனாவின் நாகஸ்வர ரெக்கார்டு ஒன்று இருக்கிறது, அதில் தவில்காரர் விரலில் கூடு மாட்டி வலந்தலையில் அடிக்கிற அடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெறிக்கும், கூடவே தாளத்தின் 'ஜிங்' கூரைவரை போகும். அந்த ஜிங் காணாமல் போயிருந்தது. முதலில் என் காதுதான் வயசாகிவிட்டது என்று நினைத்தேன். கல்லூரியில் படிக்கிற என் மகளும் அதையே சொன்னபோதுதான் பெட்டியில் கோளாறு என்று புரிந்தது.

காரணம் சிக்கலானது இல்லை. பெட்டிக்குள் சத்தத்தை வூஃபருக்கும் டிவீட்டருக்கும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவர் போர்டில், டிவீட்டருக்குப் போகிற வழியில் ஒரு கப்பாசிட்டர் இருக்கும், பழைய ஆட்கள் கண்டென்சர் என்பார்கள். கனத்த, தாழ்ந்த சத்தத்தைத் தடுத்து, கூர்மையான சத்தத்தை மட்டும் டிவீட்டருக்கு விடுவது அதன் வேலை. எழுபது எண்பதுகளில் செய்த பல பெட்டிகளில் இது நான்போலார் (ப்ளஸ் மைனஸ் பக்கம் இல்லாத) எலக்ட்ரோலிடிக் வகை, உள்ளே ஈரமான ஒரு திரவம் இருக்கும். நாற்பது வருஷத்தில் அது காய்ந்துபோகும், உள்தடை ஏறும், அளவும் மேலேயோ கீழேயோ நகர்ந்துவிடும், சத்தம் மங்கும். மாற்றினால் சரியாகிவிடும், ஒரு மணி நேர வேலை. இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும், அப்போது தெரியாது.

மிண்ட் பக்கம் இருக்கிற ஒரு சர்வீஸ் கடையிலிருந்து ஆள் வந்தார். நாற்பது வயசிருக்கும், மரியாதையாகப் பேசினார், வூஃபரைக் கழற்றினார், உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சார், கப்பாசிட்டர் ரெண்டும் செத்துப் போச்சு. இந்த மாடலுக்கு லோக்கல் போட்டா சவுண்டு போயிடும், ஜெர்மன் ஆடியோ கிரேடு போடலாம். ஜோடி அஞ்சாயிரம், கூலி ஆயிரத்து எண்ணூறு." மீட்டர் வைத்து அளக்கவே இல்லை, கண்ணால் பார்த்தே செத்துவிட்டது என்று சொன்னார். நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். இரண்டு போர்டையும் கழற்றி ஹாலில் தினத்தாள் மேல் வைத்துவிட்டு ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, என் மகள் சும்மா போனில் ஒரு படம் எடுத்தாள். "இதுதான் தாத்தா ஸ்பீக்கரோட மூளையாப்பா?" என்று கேட்டாள். அந்த ஒரு படம் இல்லையென்றால் இந்தப் பதிவே இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்துப் போர்டுகள் திரும்பி வந்தன. கட்டை விரல் பருமனில் மஞ்சள் நிறக் குழாய்கள், மேலே பொன் எழுத்து, சுற்றிலும் குளூ கன் பசை அப்பியிருந்தது. மாட்டிப் போட்டுக் காட்டினார். சத்தம் திடீரென்று பிரகாசமாக இருந்தது, நானும் சந்தோஷப்பட்டேன், பணம் கொடுத்தேன். பழைய கப்பாசிட்டர் எங்கே என்று கேட்டதற்கு, "அது குப்பை சார், எதுக்கு உங்களுக்கு" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

அப்புறம் பத்து நாளில் எரிச்சல் ஆரம்பித்தது. 'ச', 'ஸ' வருகிற இடமெல்லாம் காதில் குத்துகிறது, பெண் குரல் கட்டை தொண்டையில் பாடுவது போல டிவீட்டரிலிருந்தே வருகிறது, அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. மூன்றாவது வாரம் மைத்துனன் குடும்பத்தோடு வந்திருந்தார்கள், கொஞ்சம் சத்தமாக வைத்தோம், வலது பக்கப் பெட்டியிலிருந்து ஒரு கருகின வாசனை வந்தது, அவ்வளவுதான், அந்தப் பக்கம் டிவீட்டர் ஊமையாகிவிட்டது. கடைக்குப் போன் போட்டால், "அது உங்க ஆம்ப் பிரச்சினை சார், ஓவர் வால்யூம் வச்சிருப்பீங்க" என்கிறார். அதே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), அதே வால்யூம், நாற்பது வருஷமாக எரியாத டிவீட்டர்.

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்களுக்குத் தெரிந்தவர், அந்தக் காலத்திலிருந்தே வால்வு ரேடியோ பழுது பார்ப்பவர். போர்டைக் கழற்றி அவரிடம் எடுத்துப் போனேன். கையில் வாங்கினதுமே "என்னப்பா தம்பி, வெயிட்டே இல்ல" என்றார். கப்பாசிட்டரின் ஒரு கால் கம்பியை ஈயத்திலிருந்து விடுவித்து மல்டிமீட்டரில் வைத்தார், மேலே 4.7 மைக்ரோஃபேரட் (கப்பாசிட்டரின் அளவு) என்று போட்டிருக்கிறது, மீட்டர் 9.8 காட்டுகிறது. இரண்டாவதும் அதே மாதிரி. பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறினார். உள்ளே சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு எலக்ட்ரோலிடிக், பக்கத்தில் மைனஸ் கோடு, 10 மைக்ரோஃபேரட் 63 வோல்ட். மீதி இடம் முழுவதும் மெழுகு. ஒரு கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற சாமானை மெழுகு ஊற்றி ஒளித்து ஜோடி ஐயாயிரத்துக்கு விற்றிருக்கிறார்கள்.

பணம் போனதை விட இதில் இருக்கிற கெடுதலைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்பீக்கருக்கு வருவது மாறி மாறித் திசை மாறுகிற மின்சாரம். ப்ளஸ் மைனஸ் உள்ள போலார் கப்பாசிட்டரை அதில் தனியாகப் போடக் கூடாது, தலைகீழாக வோல்டேஜ் வரும்போதெல்லாம் அது கசியும், சூடாகும், சத்தத்தைக் கெடுக்கும். அடுத்தது அளவு. 8 ஓம் டிவீட்டருக்கு 4.7 போட்டால் சுமார் 4,200 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் இறங்கத் தொடங்கும், 10 போட்டால் அந்த எல்லை 2,000 ஹெர்ட்ஸுக்கு வந்துவிடும். அதாவது வூஃபர் சுமக்க வேண்டிய சுமையை அந்தச் சின்ன டிவீட்டர் தலையில் ஏற்றியிருக்கிறார். முதல் நாள் "பிரகாசமாக" இருந்ததற்குக் காரணமே இதுதான். டிவீட்டர் தன் சக்திக்கு மேல் கத்திக்கொண்டிருந்தது. பெரியவர் சொன்னது இன்னும் மனசில் இருக்கிறது (எம்எஃப்டி என்று அவர் சொல்வது மைக்ரோஃபேரட்டைத்தான்): "பத்து எம்எஃப்டி ரெண்டு எடுத்து மைனஸோட மைனஸ் சேர்த்துப் போட்டிருந்தா கூட நான்போலார் மாதிரி ஆகி அஞ்சு கிடைச்சிருக்கும், டிவீட்டர் பொழைச்சிருக்கும். அந்தப் பத்து ரூபாய் கூட செலவு பண்ண மனசு வரல பாரு."

சரி, 4.7 தான் சரியான அளவு என்று எப்படித் தெரியும்? அந்த ஆள் மேலே அச்சடித்ததை நம்ப முடியாதே. மகள் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம், பழைய கப்பாசிட்டரில் 4.7, 50 வோல்ட், என்.பி. (நான்போலார்) என்று தெளிவாக இருந்தது. படத்தையும் கீறின குழாயையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "இது நாங்க போட்டதே இல்ல" என்றார். அவர் பசை வைத்த இடமும் அவர் கொடுத்த துண்டுச் சீட்டும் காட்டினேன். அப்புறம் குரல் இறங்கி "ஆயிரத்து ஐந்நூறு தர்றேன் சார், விட்டுடுங்க" என்றார். வாங்கவில்லை. எனக்குப் பழைய கப்பாசிட்டரும் முழுப் பணமும் வேண்டும் என்றேன், கடையை மூடுகிற நேரம் என்று ஷட்டரை இழுத்துவிட்டார். 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசினேன், அவர்கள் முதலில் கேட்டது பில். என்னிடம் இருப்பது "ஸ்பீக்கர் சர்வீஸ் 6,800" என்று பேனாவால் எழுதின சீட்டு மட்டும்தான், என்ன சாமான் போட்டார் என்பது அதில் இல்லை.

அதனால் முதலில் சொல்கிறேன், சாமானின் பெயர், அளவு, வோல்ட், எத்தனை என்பதெல்லாம் எழுதின பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், பழைய சாமானைக் கையில் வாங்காமல் ஆளை வாசல் தாண்ட விடாதீர்கள். முடிந்தால் யாரையும் கூப்பிடவே கூப்பிடாதீர்கள். பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, இடது பெட்டியை நானே செய்தேன். அதுவரை சால்டரிங் அயர்னைக் கையில் பிடித்ததே இல்லை.

ஆம்பிலிருந்து ஒயரை எடுத்துவிட்டால் பெட்டிக்குள் கரண்ட் பயம் இல்லை (ஆம்பைத் திறக்கிற வேலை வேறு, அதில் கை வைக்காதீர்கள்). பெட்டியை மல்லாக்கப் படுக்க வைத்து வூஃபர் திருகாணியைக் கையால் மட்டும் கழற்றுங்கள், மெஷின் வேண்டாம், பழைய துகள்பலகையில் மரை பிய்ந்துவிடும். இன்னொரு கையால் காகிதக் கூம்பை மூடியபடி இருங்கள், பின்னால் இருக்கிற காந்தம் ஸ்க்ரூ டிரைவரை வெடுக்கென்று இழுத்துக் கூம்பில் ஓட்டை போட்டுவிடும். இதைப் பெரியவர் மூன்று தடவை சொன்னார், மூன்றாவது தடவை சொல்லும்போதே என் டிரைவர் இழுபட்டது. உள்ளே பஞ்சு மாதிரி இருப்பது கண்ணாடி இழையாக இருந்தால் அரிக்கும், கையுறை போடுங்கள். ஒயரைத் தொடுவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், எந்த நிற ஒயர் எந்தக் காலில் இருக்கிறது என்று தெரிகிற மாதிரி.

அளக்கும்போது கப்பாசிட்டரின் ஒரு காலைக் கட்டாயம் விடுவிக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட இருக்கிற கம்பிச் சுருளும் டிவீட்டரும் சேர்ந்து மீட்டரைக் குழப்பும். டிவீட்டரையும் ஓம் வைத்துப் பாருங்கள், 8 ஓம் என்று எழுதியிருப்பது மீட்டரில் ஆறு ஓம் கிட்டே காட்டும், அது சரிதான். எனக்கு இடது பக்கம் 6.2 காட்டியது, வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

ரிச்சி தெருவில் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிம் வகை, 4.7, 250 வோல்ட், இரண்டு வாங்கினேன், நானூறு ரூபாய்க்குள் முடிந்தது. திரவம் இல்லாததால் ஃபிலிம் வகை காய்ந்து போகாது. கடையிலேயே மீட்டரில் வைத்துக் காட்டச் சொன்னேன், 4.68, 4.73, கடைக்காரர் முகம் சுளிக்காமல் காட்டினார். இரண்டு பெட்டிக்கும் நெருங்கின அளவு இருப்பதுதான் முக்கியம், அளவைக் கூட்டினால் சத்தம் கூடும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் பெட்டியில் ஏற்கெனவே ஃபிலிம் கப்பாசிட்டர் இருந்து, அளந்தால் அளவும் சரியாக இருந்தால், மாற்றவே வேண்டாம். பழசு என்பதற்காக எல்லாவற்றையும் பிடுங்கிப் போடச் சொல்வதும் ஏமாற்றுதான்.

புதியது உருவத்தில் பெரிதாக இருக்கும், பழைய இடத்தில் நிற்காது. படுக்க வைத்துக் கேபிள் டை போட்டு இறுக்குங்கள், இல்லாவிட்டால் அதிர்வில் கால் ஒடியும். ஈயம் வைக்கும் முன் காலைச் சுரண்டுங்கள், கடல் காற்றில் எங்கள் பக்கம் செம்பெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கிறது. மூடுவதற்கு முன் சத்தத்தை மிகக் குறைவாக வைத்து முதலில் ஒரு பெட்டியை மட்டும் கேளுங்கள்.

இடது பெட்டியில் ஜிங் திரும்பி வந்துவிட்டது. மகள்தான் முதலில் "வந்திருச்சுப்பா" என்றாள். வலது பெட்டிக்கு மூர் மார்க்கெட்டிலும் ரிச்சி தெருவிலும் அலைந்து அதே டிவீட்டர் கிடைக்கவில்லை, அளவுக்குப் பொருந்துகிற வேறொன்றைப் போட்டிருக்கிறேன், வேலை செய்கிறது, ஆனால் இரண்டு பெட்டியும் இப்போது ஒரே குரலில் பேசுவதில்லை. எரிந்த டிவீட்டரைத் தூக்கி எறியவில்லை. கீறின குழாய், உள்ளே இருந்த கறுப்பு எலக்ட்ரோலிடிக், மெழுகு, துண்டுச் சீட்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் போர்டிலும் பொன் எழுத்து மஞ்சள் குழாயும் சுற்றிப் பசையும் இருந்தால், இன்று ராத்திரி சத்தமாகப் பாட்டு வைக்காதீர்கள், முதலில் ஒரு காலை விடுவித்து அளந்து பாருங்கள்.