யாழ்ப்பாணத்தில் விடுதி நடத்த: வாங்குவதா, குத்தகையா, சொந்த வீடா?

ஐந்தாறு அறைகளோடு ஒரு சின்ன விடுதி நடத்த வேண்டும் என்ற ஆசை யாழ்ப்பாணத்தில் இப்போது பலருக்கும் இருக்கிறது. கொழும்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் கேட்கிறார்கள், ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் திரும்பி வர நினைப்பவர்கள் கேட்கிறார்கள், ஊரிலேயே கொஞ்சம் காசு சேர்த்து வைத்திருக்கும் இளம் தம்பதிகளும் கேட்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் இருக்கும் வழி மூன்று. நடக்கிற விடுதி ஒன்றை அப்படியே வாங்கலாம். பூட்டிக் கிடக்கும் வீடொன்றைக் குத்தகைக்கு எடுக்கலாம். இல்லையென்றால் குடியிருக்கும் வீட்டிலேயே இரண்டு மூன்று அறைகளை ஒதுக்கி ஹோம்ஸ்டே தொடங்கலாம். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இந்தத் தொழிலில் முன் அனுபவம் இல்லாதவர், வாங்குவதைக் கடைசியாக யோசிப்பதே நல்லது.

வாங்குவதில் உள்ள கவர்ச்சி புரிகிறது. சாவி கைக்கு வந்த மறுநாளே ஆட்கள் வருவார்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபைப் பதிவு, தெரிந்த பெயர், இணையத்தில் நல்ல மதிப்புரைகள், சமையலுக்குப் பழகிய ஆள் எல்லாம் தயாராக இருக்கும். ஆனால் அந்த மதிப்புரைகளைக் கொஞ்சம் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். பாதி மதிப்புரைகளில் வீட்டுக்கார அம்மாவின் காலைச் சாப்பாடும் ஐயாவின் பேச்சும்தான் இருக்கும். விற்றுவிட்டுப் போகும்போது அவர்கள் அதையும் கூடவே கொண்டு போய்விடுவார்கள். சமையலுக்கு இருப்பவர் உங்களோடு தொடர்ந்து நிற்பாரா என்பதை விலை பேசுவதற்கு முன்பே அவரிடமே கேட்டுவிட வேண்டும்.

விலை சொல்பவர் ஓகஸ்ட் மாதக் கணக்கைத்தான் எடுத்து நீட்டுவார். நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் கோயிலைச் சுற்றி எந்த அறையும் காலியாக இருக்காது, அதை வைத்து வருடத்தை எடை போட முடியாது. பதிவேட்டில் நவம்பர் பக்கத்தைப் புரட்டச் சொல்லுங்கள். வடகீழ்ப் பருவமழை கொட்டும் ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை எத்தனை அறைக்கு ஆள் இருந்தது? கிறிஸ்மஸ் விடுமுறைக்கு வெளிநாட்டு உறவுகள் வரும், ஏப்ரல் பாடசாலை விடுமுறையில் தெற்கிலிருந்து குடும்பங்கள் வரும், நயினாதீவு போகிறவர்கள் பஸ் பிடித்துக் கூட்டமாக வருவார்கள். இவற்றுக்கு நடுவே கிடக்கும் வெறுமையான வாரங்களைத் தாங்குகிற விலைதான் சரியான விலை.

அப்புறம் குளியலறைக்குப் போய் ஷவரின் தலையைக் கழற்றிப் பாருங்கள். துளைகளை வெள்ளைச் சுண்ணாம்பு அடைத்திருந்தால், ஹீட்டருக்குள்ளும் அதே கதைதான். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான் கிணற்றில் இறைக்கிறோம். அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலிருந்து உவர் ஏறும். நான்கு பேர் குளித்த கிணறு பதினைந்து பேருக்கு ஈடுகொடுக்குமா என்பதை மழைக்கு முன், செப்டெம்பரில் வாயில் வைத்துப் பார்த்தால் நாக்கே சொல்லிவிடும். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்று உங்கள் காலாலேயே நடந்து அளந்து பாருங்கள். பக்கத்து வளவின் குழியையும் விட்டுவிடக் கூடாது. நிலத்துக்குக் கீழே வேலி கிடையாது. ஒரு போத்தல் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்காமல் முற்பணம் கொடுக்கவே வேண்டாம்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், என்ற சிக்கல் இருக்கிறது. இங்கே காணி வாங்குபவர், யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். பங்குக் காணியில் ஒருவர் தன் பங்கை விற்கப் போனால், மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறைப்படி அறிவிக்காமல் எழுதிய உறுதியைப் பிறகு நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். சீதனமாக வந்த காணி மனைவியின் பெயரில்தான் இருக்கிறது என்றாலும், கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அதை விற்க முடியாது. இப்போது அந்தப் பங்காளிகள் எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள்: ஒருவர் மொன்றியலில், ஒருவர் பாரிஸில், ஒருவர் காலமாகி அவர் பிள்ளைகள் சிட்னியில். ஒவ்வொருவரிடமும் அற்றோணித் தத்துவம், அதாவது அவர் சார்பில் இங்கே ஒருவர் கையெழுத்திடும் அதிகாரப் பத்திரம், வாங்க வேண்டும். உறுதி எழுதும் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் தேடி முடிக்கும் வரைக்கும் "எல்லாம் கிளியர்" என்று தரகர் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு இன்னொன்று: 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவருக்கு இங்கே காணி கைமாற்ற முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் அந்தத் தடை இல்லை. அதை எடுக்காமல் சொந்தக்காரர் பெயரில் வாங்கி வைப்பது, நல்ல உறவையும் காசையும் ஒன்றாக ஆபத்தில் வைக்கும் வேலை.

கடன் வாங்கி வாங்குவதாக இருந்தால் பின்னால் திரும்பிப் பார்த்தாலே போதும். 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் டொலர் நெருக்கடி. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளி கூட்டியது. அறைகள் காலியாக இருந்த அதே நேரத்தில் தவணை ஏறியது. சொந்தக் காசில் சின்னதாக நடத்தியவர்கள் கதவைப் பூட்டிவிட்டுக் காத்திருக்க முடிந்தது.

குத்தகை இந்தச் சுமையில் பெரும்பகுதியைக் குறைக்கிறது. கோண்டாவில், கொக்குவில், சுண்டுக்குளி என்று எங்கு போனாலும் ஆளில்லாத நல்ல வீடுகள் இருக்கின்றன. வீடு கறையான் அரிக்காமல் இருந்தாலே போதும் என்று நினைக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் "சரி தம்பி, நீங்கள் பாருங்கோ" என்று வீட்டுக்கார அண்ணர் எழுதியது குத்தகை ஆகாது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுத வேண்டும், பதிய வேண்டும். ஐந்து வருடமாவது எழுதுங்கள். புதுக் குளியலறை கட்டி, ஏசி பூட்டி, ஆட்கள் வரத் தொடங்குகிற நேரத்தில் "மகளுக்குக் கலியாணம், வீடு வேணும்" என்ற அழைப்பு வந்தால் போட்ட காசுக்கு யார் பொறுப்பு என்பதும் அதில் இருக்க வேண்டும்.

மூன்றாவது வழிதான் என் மனதுக்கு நெருக்கமானது. நடுவில் முற்றம் வைத்துக் கட்டிய நாற்சார் வீடுகள் இடிந்தும் இடிக்கப்பட்டும் குறைந்துகொண்டே போகின்றன. அவற்றைக் காப்பாற்ற நான் காணும் நடைமுறையான வழி, உள்ளே ஆட்கள் வாழ்ந்தபடி அந்த வீடே தன் செலவைச் சம்பாதிப்பதுதான். முற்றத்தைப் பார்த்தபடி அமர்ந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்ட வெளிநாட்டுக்காரர், ஊருக்குப் போய் நாலு பேருக்குச் சொல்லுவார். அறை எடுத்துத் தரும் இணையத்தளங்கள் வழக்கமாக 15 சதவீதம் அளவில் தரகு எடுக்கும் நிலையில், இப்படி வாய்ச்சொல்லால் நேரே வரும் விருந்தாளி பெரிய சேமிப்பு.

இதற்கும் விலை உண்டு. விடிய ஐந்து மணிக்குத் தேங்காய் துருவ வேண்டும். குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகைப் பிடிக்கப் போகிறவருக்கு அதைவிட முன்னரே சாப்பாடு கட்ட வேண்டும். திருவிழாக் காலத்தில் நல்லூர்ப் பக்கத்து வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பதில்லை, அதை அறை எடுப்பவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். கோயிலடி வீதிகளை அப்போது மூடிவிடுவார்கள் என்பதால் வாகனத்தை எங்கே விடுவது என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள், படுக்கையில் முதியவர்கள் இருந்தால் அந்நியர் நடமாட்டம் தாங்குமா? வீட்டிலுள்ள எல்லோரும் மனமார ஒத்துக்கொள்ளாமல் தொடங்க வேண்டாம். வேலையில் பெரும்பங்கு பெண்களின் தலையில்தான் விழுகிறது, வருமானமும் அவர்கள் கைக்கே போக வேண்டும்.

காரைநகர் கசூரினா கடற்கரைப் பக்கம், தீவுகள் பக்கம் கடலோரக் காணி வாங்கிப் புதிதாகக் கட்டும் யோசனையை முதல் தடவை தொடங்குபவருக்கு நான் சொல்லவே மாட்டேன். உப்புக்காற்று இரும்பைத் தின்னும், நல்ல தண்ணீரை பவுசரில் (தண்ணீர் வண்டியில்) வாங்கவேண்டி வரும்.

சொந்த வீடு இருந்தால் இரண்டு அறையோடு ஹோம்ஸ்டே, இல்லாவிட்டால் எழுத்துக் குத்தகை என்பதே நான் சொல்லும் ஒழுங்கு. ஒரு நவம்பரைக் கடந்தும் அந்த வேலை பிடித்திருந்தால் அதே வீட்டையே வாங்கப் பேசலாம். அப்போது கிணறும் அயலும் தெரிந்திருக்கும். அந்த எண்ணம் தொடக்கத்திலேயே இருந்தால், விற்பதாயின் முதலில் உங்களுக்கே என்ற வரியைக் குத்தகை உறுதியில் சேர்த்து எழுதுங்கள். ஒரு பங்காளி மட்டும் வைத்த கையெழுத்து மற்றவர்களின் உரிமையைக் கட்டுப்படுத்தாது என்பதால், எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள்.