மக்களைத் தேடி மருத்துவம்: எங்கள் வீட்டு மூன்று ஆண்டு அனுபவம்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. அம்மைக்கு 61 வயது. விடியற்காலை 4 மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால், 350 ரப்பர் மரங்களின் பட்டையைக் கீறி (இதைத்தான் 'வெட்டு' என்போம்), பால் எடுத்து, அதை ஷீட்டாக அடித்துவிட்டுத் திரும்ப மதியம் ஆகிவிடும். எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன.

முன்பு ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மாத்திரைக்கு மட்டும் மாதம் 1,100 ரூபாய். அதைக்கூடப் புரட்டிவிடலாம். காலை 10 மணிக்கு டோக்கன் வாங்கினால் டாக்டர் வருவது 1 மணிக்கு. அன்றைக்கு வெட்டும் கிடையாது, கூலியும் கிடையாது. இரண்டு பருவமழையும் பெய்கிற எங்கள் மாவட்டத்தில் வெட்டு இல்லாத நாட்கள் ஏற்கெனவே ஏராளம். வெயில் அடிக்கிற நாளை ஆஸ்பத்திரிப் பெஞ்சில் கழிக்க அம்மைக்கு மனம் வராது. மாத்திரையைப் பாதியாக ஒடித்து இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறார். எனக்குப் பிறகுதான் தெரிந்தது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வு, தமிழ்நாட்டில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது; நாட்டுச் சராசரி 11.4. அவர்களில் மாதச் சம்பளக்காரர் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கலாம். அம்மை அரிசிக் காசை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற தமிழ்நாடு அரசுத் திட்டத்தில். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. எங்கள் பகுதிக்கு வருகிற தன்னார்வலர் மதியம் 2 மணிக்கு மேல்தான் படியேறுவார். வெட்டுக்காரர்கள் வீட்டில் இருக்கும் நேரம் அவருக்குத் தெரியும். அவருடைய மாமியாரும் வெட்டுக்காரிதான். கையில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை உரித்துக்கொண்டே அம்மை திண்ணையில் உட்காருவார். இரத்த அழுத்தம் பார்த்து, குறிப்பேட்டில் எழுதி, மாத்திரையை எண்ணிக் கொடுப்பார் அந்தப் பெண். காசு ஒன்றும் இல்லை.

போன தை மாதம் அவர், "மாமி, காலை நீட்டுங்கள்" என்றார். "காலில் என்ன மக்களே, சேறுதான் இருக்கும்" என்றார் அம்மை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால் இடது குதிகாலில் மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. அழுத்தியதும் சீழ் வந்தது. நான் முகத்தைச் சுளித்தேன். அம்மை சலனமே இல்லாமல் முற்றத்துக் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முள் எப்போது ஏறியது என்றே அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரையால் நரம்பு மரத்துப்போன காலில் வலி வந்து எச்சரிக்காது. மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்தில் முள்ளை எடுத்துக் கட்டுப் போட்டார்கள். பத்து நாள் வெட்டு போனது, கால் தப்பியது. அந்தப் பெண்ணுக்கு எங்கள் குடும்பம் பட்டிருக்கும் கடன் தீராது.

சேர விரும்புகிறவர்கள் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஓர் ஆசை இருக்கிறது. தூத்தூரில் என் நண்பனின் அண்ணன் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர். கரை திரும்ப முப்பது, நாற்பது நாள் ஆகும். இரத்தக் கொதிப்பு மாத்திரையை மனைவி எண்ணி, ஈரம் படாத டப்பாவில் போட்டு அனுப்புகிறார். ஆனால் இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க அவர் வீட்டில் இருக்க வேண்டுமே! கரையில் இருக்கிற நாலு நாளும் இன்ஜின் வேலை, வலை வேலை என்று போய்விடும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் படகு அணைகிற இடத்திலேயே ஒரு மேசை போட்டு, மீன் இறக்கிவிட்டு வருகிறவர்களின் கையைப் பிடித்து அளந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.