லண்டனா, டோட்முண்டா? கல்லடியிலிருந்து போன இரண்டு ரீச்சர்மார்

மட்டக்களப்பு, கல்லடியில் இருக்கும் எங்கள் குடும்பத்திலிருந்து இரண்டு ரீச்சர்மார் ஐரோப்பாவுக்குப் போயிருக்கிறார்கள். ஒருத்தி என் தங்கச்சி. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் கணிதம் படித்து, பட்டப்பின் கல்வி டிப்ளோமாவும் முடித்து, எட்டு வருடம் படிப்பித்தவள். இப்போது லண்டனில், ஈஸ்ட் ஹாமில் இருக்கிறாள். மற்றவள் என் மச்சாள், கணவரின் தங்கச்சி. தாழங்குடா கல்வியியற் கல்லூரியில் ஆரம்பக் கல்வி டிப்ளோமா எடுத்தவள். இப்போது ஜேர்மனியில், டோட்முண்டில். இரண்டு பேரும் புருசன்மாரோடு சேரப் போனவர்கள். போகும்போது இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள்: "அங்கே போயும் நான் ரீச்சர்தான்."

2022 இல் அரசாங்க ஊழியர்கள் ஐந்து வருடம் வரை சம்பளமில்லா லீவில் வெளிநாடு போகலாம் என்று சுற்றறிக்கை வந்ததிலிருந்து எங்கள் ஆசிரியர் அறையில் இதே கதைதான். இடைவேளையில் யாராவது ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையோடு என் மேசைக்கு வந்து, "லண்டனா ஜேர்மனியா, எது நல்லம்?" என்று கேட்பார். அவர் மனதில் இருப்பது சம்பளம். நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். கையில் இருப்பது பட்டமா, டிப்ளோமாவா? வகுப்பில் நின்று எந்த மொழியில் உங்களால் ஒரு பிள்ளையை ஏச முடியும்?

வீட்டிலிருந்து தொடங்குகிறேன். முதல் மூன்று மாதம் வேலை தேடுகிறோம் என்று சொல்வது பெயருக்குத்தான், உண்மையில் தேடுவது வீட்டை.

லண்டன் வாடகை தலையைச் சுற்றவைக்கும். ஆனால் உள்ளே நுழைவது அவ்வளவு கடினமில்லை. 2019 இல் வந்த சட்டப்படி, சாதாரண வாடகை வீட்டுக்கு ஐந்து கிழமை வாடகைக்கு மேல் முற்பணம் கேட்க முடியாது. வீட்டுக்காரர் விசாவைச் சரிபார்ப்பார், அதோடு சரி. தங்கச்சிக்குக் கிடைத்தது மேல்மாடியில் ஓர் அறை. மூன்று குடும்பத்துக்கு ஒரு குசினி. பிரிட்ஜில் இரண்டாவது தட்டு அவளுடையது, பெயர் எழுதி டேப் ஒட்டியிருக்கிறாள். அப்படியும் இங்கேயிருந்து கொடுத்துவிட்ட மாசிச் சம்பல் கிழமைக்குக் கிழமை குறைகிறது என்று ஒரே புலம்பல். வெளியே இறங்கினால் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இடியப்பமும் முருங்கைக்காயும் கிடைக்கும்.

டோட்முண்டில் வாடகை குறைவு. "வீடு கிடைச்சிட்டுகா" என்று மச்சாள் வீடியோ அனுப்பினாள். குசினியைக் காட்டும்போது நான் பயந்துபோனேன். சுவரில் வெள்ளை ஓடு, இரண்டு குழாய் வாய், தொங்குகிற ஒரு வயர். பேசின் இல்லை, அடுப்பு இல்லை, அலுமாரி இல்லை. கள்ளன் கழற்றிக்கொண்டு போய்விட்டானோ என்று கேட்டேன். அங்கே பல வாடகை வீடுகள் அப்படித்தானாம். குசினியை நாங்களே வாங்கிப் பூட்ட வேண்டும், மாறிப் போகும்போது கழற்றிக்கொண்டு போகலாம். முற்பணம் மூன்று மாத வாடகை வரை கேட்பார்கள். அதை மூன்று தவணையாகக் கட்ட சட்டம் இடம் தருகிறது. முழுவதையும் ஒரேயடியாகக் கட்டி முடித்த பிறகுதான் இவர்களுக்கு இது தெரிய வந்தது.

ஆனால் அந்த வீடு கிடைப்பதற்கு முன்னால் நடந்ததுதான் பெரிய கதை. ஜேர்மனியில் குடிபுகுந்து இரண்டு கிழமைக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். முதலில் பிடித்த வீட்டுக்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார். பதிவு இல்லாமல் மற்ற எல்லாக் காரியமும் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். கடைசியில் அங்கே இருக்கும் சித்தப்பா ஒருவரின் வீட்டு விலாசத்தில் பதிந்து, நாலு மாதம் அங்கேயே இருந்தார்கள். வாடகை இல்லை, சோறு கறி இருக்கிறது, வெள்ளிக்கிழமை ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில். நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாலு மாதத்தில் மச்சாளின் வாயில் புதிதாக ஒரு ஜேர்மன் வசனமும் ஏறவில்லை. விசாவுக்காக இரவு ரயிலில் இரண்டு தரம் கொழும்புக்குப் போய் எழுதிப் பாஸ் பண்ணிய ஏ1 (ஏ1 இல் தொடங்கி சி2 வரை போகும் மொழித் தராதரத்தின் முதல் படி) கூட மறந்துபோனது.

இனி வேலை.

இங்கிலாந்தில் கல்வியாண்டு செப்டெம்பரில் தொடங்குகிறது. கோடையோடு விலக நினைக்கிற ஆசிரியர் பொதுவாக மே 31 க்குள் கடிதம் கொடுக்க வேண்டும். அதனால் விளம்பரங்கள் ஏப்ரல், மே மாதங்களில் குவியும். தங்கச்சி போய் இறங்கியது ஜூன் கடைசியில்! பிறகு ஆறு கிழமை விடுமுறை. செப்டெம்பரில் ஆசிரியர்களை நாள் கணக்கில் அனுப்பும் ஓர் ஏஜென்சியில் பதிந்தாள். அங்கே குற்றப்பதிவுச் சோதனை, இங்கிருந்து பொலிஸ் சான்றிதழ். அதன் பின் ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போன் வந்தது. பெயரே கேள்விப்படாத ஒரு பாடசாலை, இரண்டு பஸ். கணிதம் என்று நினைத்துப் போனவளுக்குக் கிடைத்தது நாடக வகுப்பு. மேசையில் ஒரு தாள், முன்னால் முப்பது பிள்ளைகள். அவர்கள் பேசுகிற வேகத்தில் பாதி விளங்கவில்லை. ஆனாலும் "இரு" என்று ஆங்கிலத்தில் சொன்னாள், இருந்தார்கள். அந்த ஒரு சொல் அவளிடம் முன்கூட்டியே இருந்தது.

இன்னொரு வசதியும் உண்டு. வெளிநாட்டில் பயிற்சி பெற்ற ஆசிரியர், அங்குள்ள தகைமை இல்லாமலே நாலு வருடம் வரை அரச பாடசாலையில் படிப்பிக்கலாம். சம்பளம் தகைமையில்லாதவருக்கான படிநிலையில்தான். அந்த நாலு வருடத்துக்குள் கியூ.டி.எஸ். என்கிற தகைமையை எடுத்துவிட வேண்டும். அதற்குப் பட்டம் வேண்டும். சொந்த நாட்டில் ஒழுங்கான ஆசிரியராக இருந்தார் என்ற அத்தாட்சியையும் பாடசாலைகள் கேட்கலாம். தங்கச்சி முறையாக லீவு எடுத்துப் போனவள், கல்வி அமைச்சு இருக்கும் இசுருபாயவில் அவளுடைய கோப்பு சுத்தம். சொல்லாமல் கொள்ளாமல் பிளேன் ஏறியவர்கள் இந்த இடத்தில் தடக்குப்படுவார்கள்.

ஜேர்மனியில் 16 மாநிலங்கள், கல்வி அந்தந்த மாநிலத்தின் கையில். ஆரம்பப் பாடசாலை ஆசிரியராக இருந்தாலும் பல்கலைக்கழகப் படிப்பு வேண்டும். அதற்கு மேல் பயிற்சிக் காலம், டோட்முண்ட் இருக்கும் நோர்ட்ரைன் வெஸ்ட்ஃபாலனில் அது 18 மாதம். மொழி சி1, சில இடத்தில் சி2. வெளிநாட்டு ஆசிரியர்களை வகுப்பறைக்குத் திரும்பக் கொண்டுவர பீலஃபெல்ட் பல்கலைக்கழகம் 2017 இல் ஒரு திட்டம் தொடங்கியது. நல்ல திட்டம்தான், ஆனால் அதுவும் பட்டம் உள்ளவர்களுக்கு. தாழங்குடா டிப்ளோமாவை வைத்துக்கொண்டு அங்கே ரீச்சராகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மச்சாள் அழுதாள், பிறகு புதிதாகத் தொடங்கினாள். 700 பாடவேளை ஒருங்கிணைப்பு வகுப்பு, பி1 சோதனை. அப்புறம் ஓர் ஆரம்பப் பாடசாலையில் பின்னேரப் பராமரிப்பில் உதவியாளர் வேலை. பிள்ளைகளுக்குச் சாப்பாடு பரிமாறி, வீட்டுப்பாடம் செய்யவைக்க வேண்டும். ஜேர்மன் மொழியில் கரண்டி ஆண்பால், முன்னால் "டெர்" வரும். முள்ளுக்கரண்டி பெண்பால், "டீ". கத்தி ஒன்றன்பால், "டாஸ்". முதல் நாள் மேசை வைக்கும்போது கரண்டியை "டாஸ் லோஃபல்" என்று சொல்லியிருக்கிறாள். ஏழு வயதுப் பெடியன் ஒருவன் கரண்டியை அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, "டெர்!" என்றானாம். அவள் ஏச வாயெடுத்தாள், சொல் வரவில்லை. சித்தப்பா வீட்டில் நாலு மாதத்தில் வராத ஜேர்மன், அந்தச் சாப்பாட்டு மேசையில் ஆறு மாதத்தில் வந்துவிட்டது. இப்போது சிறுவர் பராமரிப்பில் இரண்டு வருடப் படிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அரச தொழிற்கல்லூரி என்பதால் படிப்புக் கட்டணம் இல்லை.

காசுக் கணக்கில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பிரித்தானிய விசாவோடு வளர்ந்தவர் ஒருவருக்கு வருடம் 1,035 பவுண் சுகாதாரக் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் விசாக் காலம் முழுவதுக்கும் முன்கூட்டியே. தங்கச்சியின் தாலிக்கொடி அடகுக்குப் போனது இதற்காகத்தான்.

ஆக, பட்டமும் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் என்று ஒரு பாடமும் கையில் இருந்தால் நான் லண்டன் என்பேன், ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் போய் இறங்கச் சொல்வேன். டிப்ளோமா மட்டும் இருந்து, வயது முப்பதுக்குள் என்றால் டோட்முண்ட் மோசமில்லை. ஆனால் ஏ1 உடன் ஏறக்கூடாது, பி1 வரை இங்கேயே படித்துவிட்டுப் போங்கள். சொந்தக்காரர் வீட்டில் ஒரு மாதம் இருங்கள், போதும். நாற்பது தாண்டியவர்களுக்கு இரண்டு ஊரையும் நான் சொல்வதில்லை, அதற்காக என்னோடு கோபித்தவர்களும் உண்டு.

"அப்ப நீங்க எங்க போவீங்க ரீச்சர்?" என்று போன கிழமை ஒரு பிள்ளை கேட்டது, புதிதாக நியமனம் கிடைத்து வந்தவள். நான் தமிழ்ப் பாட ரீச்சர். லண்டனிலும் டோட்முண்டிலும் எனக்கு இருப்பது சனி, ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கூடம் மட்டும்தான், பெரும்பாலும் பஸ் காசுக்கு. மணி அடித்தது, பத்தாம் வகுப்புக்கு யாப்பு நடத்த எழுந்தேன்.