பெட் ஷாப் முயல் ‘செட்’: பெங்களூரில் வாங்கும் முன் பையைப் பிரித்துப் பாருங்கள்

பெங்களூரில் முயல் வாங்கப் போனால் முயல் மட்டும் வராது. சிவாஜிநகரோ அல்சூரோ, பல கடைகளில் அதை ஒரு ‘செட்’டாகத்தான் கொடுக்கிறார்கள்: ஒரு ஜோடிக் குட்டி, இரண்டடிக் கம்பிக் கூண்டு, தொங்கவிடும் தண்ணீர் பாட்டில், ஒரு கிலோ கலர் தீவனம், உப்புக்கல், தண்ணீரில் கலக்கும் வைட்டமின் சொட்டு. கூடவே வாய்வழியாக ஒரு உத்தரவாதம்: “ரெண்டும் பொட்டைதான் சார், குட்டி கிட்டி போடாது.”

இந்த செட்டில் காசுக்குத் தகுந்தது என்று பாட்டிலை மட்டும் சொல்லலாம், அதுவும் அரை மனதாக. முயலுக்கு அன்றாடம் தேவையான முதல் பொருளான காய்ந்த புல் பையிலேயே இல்லை. மற்றவை எவ்வளவு மோசம் என்பது, அந்த உத்தரவாதம் பொய்யாகி ஒரு காலையில் கூண்டு மூலையில் ரோமமில்லாத ஆறு குட்டிகள் நெளியும்போதுதான் முழுசாகத் தெரியும். அதை மனதில் வைத்தே ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

கலர் தீவனம்

பச்சை உருண்டை, உடைத்த மக்காச்சோளம், சூரியகாந்தி விதை, காய்ந்த பட்டாணி, சிவப்பும் ஆரஞ்சுமாய்ப் பொரிந்த வளையங்கள். முயலுக்கு ரொம்பப் பிடிக்கும், கோளாறே அதுதான். சோளத்தையும் விதையையும் முதலில் பொறுக்கித் தின்றுவிட்டு, நார் உள்ள பச்சை உருண்டையைக் கிண்ணத்தின் அடியில் விட்டுவிடும். முயலின் குடலில் சீக்கம் என்றொரு பெரிய பை உண்டு. அங்கே இருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரை நொதிக்க வைக்கின்றன. மாவுச்சத்து அதிகம் போனால் வேண்டாத கிருமிகள் பெருகி வயிறு உப்பும், கழியும். நார் குறைந்தால் குடல் அசைவே மந்தமாகி நின்றுபோகும். 12 மணி நேரமாக ஒன்றும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் ஒரு முயல் சுருண்டு உட்கார்ந்திருந்தால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

வாங்க வேண்டியது ஒரே நிறத்தில், ஒரே அளவில் இருக்கும் பெல்லட், அதாவது அழுத்திச் செய்த தீவன உருண்டை. பாக்கெட்டின் பின்பக்கம் கச்சா நார் 18 சதவீதத்துக்குக் குறையாமல், முடிந்தால் 20க்கு மேல் இருக்கட்டும். கர்ப்பமோ பாலூட்டலோ இல்லாத வளர்ந்த முயலுக்குப் புரதம் 12 முதல் 14, கொழுப்பு 3க்குள். அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம். இரண்டு கிலோ முயலுக்கு 50 கிராம் என்பது பார்க்கக் கொஞ்சமாகத்தான் தெரியும், அதற்காகக் கிண்ணத்தை நிரப்பிவிடாதீர்கள். மூட்டையிலிருந்து அள்ளி வெறும் கவரில் கட்டித் தருவதை வாங்கினால் நார் எவ்வளவு, அரைத்த தேதி எது என்று எதுவுமே தெரியாது. மூட்டையில் தைத்திருக்கும் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வேறு கடை.

கோழி, மாட்டுத் தீவனக் கடைகளில் பண்ணை முயல் தீவனம் மலிவாகக் கிடைக்கும். அது சீக்கிரம் எடை ஏறுவதற்காகச் செய்தது. பாலூட்டும் தாய்க்குச் சில வாரங்கள் ஒத்துவரும். வருஷம் முழுக்கப் போட்டால் வீட்டு முயல் தாடைக்குக் கீழே சதை மடிந்து, தன் பின்பக்கத்தையே நக்கிச் சுத்தம் செய்ய முடியாமல் போய்விடும். எதிலிருந்து எதற்கு மாற்றினாலும் 7 முதல் 10 நாள் பழையதோடு கலந்து மெல்ல மாற்றுங்கள்.

பையில் இல்லாத புல்

முயலின் சாப்பாட்டில் ஐந்தில் நான்கு பங்கு இதுதான். நாள்தோறும் முயலின் உடம்பளவுக்கு ஒரு குவியல் போட்டு, தீரத் தீர நிரப்ப வேண்டும். பற்கள் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நீளப் புல்லைப் பக்கவாட்டில் அரைத்துத் தின்பதால்தான் கடைவாய்ப் பல் தேயும். பெல்லட் நொறுங்கிவிடுவதால் அந்த வேலையைச் செய்யாது.

ஆன்லைனில் கிடைக்கும் ‘திமோதி’ என்ற காய்ந்த புல் பெரும்பாலும் இறக்குமதி, விலையும் அப்படித்தான். நல்ல பாக்கெட் என்றால் பச்சை மங்காமல், தண்டும் கதிரும் நீளமாக, பிரித்ததும் இனிய வாசனை வர வேண்டும். தூசி பறந்தாலோ, பூஞ்சை நெடி அடித்தாலோ, கரும்புள்ளி இருந்தாலோ திருப்பி அனுப்புங்கள். சின்னப் பாக்கெட்டுகளில் அடியில் பாதி தூளாகவே இருக்கும், பெரிய பேலாக (கட்டாக) வாங்கிக் காற்றாட அட்டைப்பெட்டியில் வைப்பதே லாபம். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் பெங்களூர் மழைக்காலத்தில் ஈரம் கோத்துப் பூசணம் பிடிக்கும்.

மலிவாக வேண்டுமென்றால் வழி இருக்கிறது. சிட்டி மார்க்கெட் பூக்கடைகளில் பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்லைக் கட்டாக வாங்கலாம். ‘கரிகே’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். அலசி, நிழலில் உலர்த்திக் கொடுங்கள். ஓட்ஸ் வைக்கோல் கிடைத்தால் நல்லது. ராகி வைக்கோல் எளிதில் கிடைக்கும், ஆனால் சத்து குறைவு. வயிறு நிரப்பவும் படுக்கைக்கும் சரி, அதை மட்டுமே நம்ப முடியாது. குதிரை மசால் என்ற தீவனப் பயிரில் புரதமும் சுண்ணாம்பும் கூடுதல். வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அருமையான தீனி. மற்ற முயல்களுக்குத் தினமும் போட்டால் சிறுநீர்ப்பையில் சுண்ணாம்பு சேறாகத் தங்கும்.

கீரைக்கு ஹாப்காம்ஸ் என்ற கூட்டுறவுக் காய்கறிக் கடையே போதும். கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை என்று மாற்றி மாற்றி, கிலோ எடைக்கு நெருக்கி அடைத்த ஒரு பெரிய டம்ளர். பாலக், பீட்ரூட் இலை, முருங்கை, அகத்தி எப்போதாவது கொஞ்சம். கேரட் கிழங்கு கட்டைவிரல் அளவுக்கு மேல் வேண்டாம், அது இனிப்புப் பண்டக் கணக்கு. வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) இவை விஷம். சோறு, சப்பாத்தி, ரஸ்க், பிஸ்கட் கொடுத்துப் பழக்கும் பாட்டி தாத்தாக்களிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்லி வைக்கலாம்.

கூண்டு, பாட்டில், சில்லறைகள்

இரண்டடிக் கூண்டில் முயல் மூன்று தாவல் தாவ முடியாது. அடியில் கம்பி வலை இருப்பதால் பாதத்தின் ரோமம் தேய்ந்து புண்ணாகும். அதைவிட ஆபத்து, பிறந்த குட்டியின் கால் அந்தக் கண்ணிகளில் மாட்டும், பக்கக் கம்பி வழியாகக் குட்டியே வெளியில் விழும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அடியில் கெட்டி அட்டையோ பாயோ விரித்து, பக்கங்களில் பத்து விரற்கடை உயரத்துக்கு அட்டை கட்டிவிட்டு, கதவைத் திறந்தே வையுங்கள். அதே காசுக்கு நாய்க்குட்டிகளுக்கான மடக்கு வேலி வாங்கினால் இடம் பல மடங்கு கிடைக்கும், இரண்டாகத் தடுக்கவும் உதவும்.

பாட்டிலின் முனையில் இருக்கும் குண்டு அடிக்கடி சிக்கிக்கொள்ளும். தினமும் விரலால் தட்டி நீர் வருகிறதா என்று பாருங்கள். கவிழாத கனமான பீங்கான் கிண்ணம் இன்னும் மேல். முயல் கிண்ணத்தில்தான் அதிகம் குடிக்கும், பாலூட்டும் தாய்க்குத் தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும். உப்புக்கல் தேவையில்லை. வைட்டமின் சொட்டு போட்டால் சுவை மாறி முயல் குடிப்பதையே குறைத்துவிடும்.

“ரெண்டும் பொட்டைதான்”

கடைக்கு வரும் குட்டிக்குப் பெரும்பாலும் ஐந்தாறு வாரம். அந்த வயதில் ஆண் பெண் பிரித்துச் சொல்ல நல்ல பழக்கம் வேண்டும். மெல்ல அழுத்திப் பார்த்தால் ஆணுக்கு வட்டத் துளையோடு சின்னக் குழாய் போல எழும்பும், பெண்ணுக்குக் கீறல் போல நீண்டிருக்கும். ஆணின் விரை கீழிறங்குவது 10 முதல் 12 வாரத்தில். ஆகவே மூன்றாம் மாதம் தொடங்கும்போது டாக்டரிடம் காட்டி உறுதி செய்யும்வரை இரண்டையும் தனித்தனியே வைப்பதே பாதுகாப்பு. சின்ன ரகங்கள் மூன்றரை, நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும், அண்ணன் தங்கை என்ற கணக்கெல்லாம் அவற்றுக்குக் கிடையாது. சேர்ந்த பிறகுதான் கருமுட்டையே வெளிவரும் என்பதால் ‘சீசன்’ பார்த்து ஒதுக்கி வைக்கவும் முடியாது. கர்ப்பம் சுமார் 31 நாள்.

பெண் முயல் வாயில் புல்லை அள்ளிக்கொண்டு மூலைக்கு ஓடி, தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கி அடுக்கினால் பிரசவம் நெருங்கிவிட்டது. பொய்க் கர்ப்பத்திலும் இப்படிச் செய்யும், இருந்தாலும் பெட்டியைத் தயார் செய்வதில் நஷ்டமில்லை.

குட்டி போட்டுவிட்டால்

முதல் வேலை ஆணைத் தூக்கி வேறு இடத்தில் விடுவது. போட்ட அன்றே தாய் மறுபடி கருத்தரிக்க முடியும். கவனிக்காமல் விட்டால் ஒரு மாதம் கழித்து அடுத்த ஈடு. ஆணுக்குக் கருத்தடை செய்தாலும் ஆறு வாரம் வரை வீரியம் மிச்சமிருக்கும், அதுவரை பிரித்தே வையுங்கள்.

40 சென்டிமீட்டர் நீளம், 25 அகலம் உள்ள அட்டைப்பெட்டி போதும். ஒரு பக்கத்தை மட்டும் 12 முதல் 15 சென்டிமீட்டருக்குத் தாழ்த்தி வெட்டினால் தாய் ஏறி இறங்கும், குட்டி வெளியே வராது. அடியில் காய்ந்த புல் கனமாக, நடுவில் பள்ளம், மேலே தாய் பிடுங்கிய ரோமம் முழுவதும். பஞ்சு, நூல் பிரியும் துணி வேண்டாம், இழை காலில் சுற்றி இறுக்கும். கையைக் கழுவித் துடைத்துவிட்டு எண்ணிப் பாருங்கள், இறந்தது இருந்தால் எடுத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு.

குட்டிக்குத் தன் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. கூட்டுக்குள் 30 டிகிரிக்குக் கிட்டத்தட்ட இருக்க வேண்டும், டிசம்பர் இரவில் பெங்களூர் 15 வரை இறங்கிவிடும். பெட்டியை ஜன்னல் ஓரத்திலோ பால்கனியிலோ வைக்காதீர்கள். சில்லிட்டுக் கிடக்கும் குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். வெதுவெதுப்பான நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் போதும். உடம்பு குளிர்ந்திருக்கும்போது பால் செரிக்காது.

பெரும்பாலானவர்கள் பதறுவது, தாய் கூட்டுப் பக்கமே போகவில்லை என்று. முயல் அடைகாக்காது. இரவிலோ விடியற்காலையிலோ ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை வந்து, மூன்று முதல் ஐந்து நிமிடம் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். காலையில் குட்டியின் வயிறு உருண்டு, தோல் மழமழவென்று இருந்தால் வேலை நடந்திருக்கிறது. தோல் சுருங்கி, வயிறு ஒட்டியிருந்தால்தான் கவலை. சமையலறைத் தராசில் தினமும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். ஒரு வாரத்தில் பிறந்த எடை ஏறக்குறைய இரட்டிக்க வேண்டும்.

24 மணி நேரமாகப் பால் குடித்த அடையாளமே இல்லை, தாயைக் கூட்டின் மேல் மெல்லப் பிடித்து வைத்துப் பார்த்தும் பலனில்லை என்றால் மட்டும் கையால் ஊட்டுங்கள். பசும்பால் வேண்டாம், முயல் பால் அதைவிடப் பல மடங்கு கெட்டி, கொழுப்பு மிகுந்தது. பூனைக்குட்டிக்கான பால் பவுடர் பெட் ஷாப்பில் கிடைக்கும், இந்த இடத்தில் கடை உண்மையிலேயே உதவும். பிறந்த குட்டிக்கு நாளொன்றுக்கு மொத்தம் 5 மில்லி, ஒரு வாரத்தில் 10 முதல் 15, இரண்டு வாரத்தில் 25க்கு மேல், மூன்றாம் வாரம் 30. எல்லாம் இரண்டு வேளையாகப் பிரித்து. மல்லாக்கப் படுக்க வைக்காமல் நிமிர்த்திப் பிடித்து, ஒரு மில்லி சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். வேகமாகத் தள்ளினால் நுரையீரலுக்குள் போய்விடும், கையால் வளர்க்கும் குட்டிகள் பல இதனால்தான் சாகின்றன. குடித்ததும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் தடவினால் சிறுநீர் கழிக்கும்.

தாய்க்கு இப்போது அளவு பார்க்காமல் பெல்லட், புரதம் 16 முதல் 18 உள்ளதாக. குதிரை மசாலும் புல்லும் எந்நேரமும். 10 நாளில் குட்டிகளுக்குக் கண் திறக்கும். அதற்குப் பிறகும் கண் ஒட்டியிருந்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் துடைத்துவிடுங்கள். மூன்று வாரத்தில் வெளியே வந்து தாயின் புல்லையும் பெல்லட்டையும் கொறிக்கத் தொடங்கும். கீரையை 12 வாரம் வரை குட்டிகளுக்கு எட்டாமல் தாய்க்குத் தனியாக வையுங்கள். பிறகு ஒரு சமயத்தில் ஒரே ஒரு கீரை, துளியளவு.

மருந்து விஷயத்தில் ஒன்று. அமாக்ஸிசிலினை வாய்வழியாகக் கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிர்கள் அழிந்து உயிரே போகலாம். நாய்க்கு வாங்கிய ஃபிப்ரோனில் உண்ணி மருந்தும் கூடாது. முயல்களைப் பார்த்துப் பழகிய டாக்டரா என்று போனிலேயே கேட்டுவிட்டுப் போங்கள். ஹெப்பால் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கிறது.

கடைசியாக, செட்டோடு வரும் இன்னொரு சேவை: “குட்டி போட்டா கொண்டு வாங்க, நாங்களே எடுத்துக்கிறோம்.” எடுத்துக்கொள்வார்கள், ஆனால் நான்கு வாரத்திலேயே கேட்பார்கள், சின்னதாக இருந்தால்தான் சீக்கிரம் விற்கும். அந்த வயதில் தாய்ப்பாலை நிறுத்தி, கூட்டிலிருந்து மாற்றி, கலர் தீவனத்தில் விட்டால் கழிச்சலில் போகும் குட்டிகள் அதிகம். எட்டு வாரம் தாயோடு இருக்கட்டும். 10 வாரத்தில் ஆண் குட்டிகளைத் தாயிடமிருந்தும் தங்கைகளிடமிருந்தும் பிரித்துவிடுங்கள். கடைக்கே கொடுப்பதானால் 2018ஆம் ஆண்டு பெட் ஷாப் விதிகளின்படி மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்த சான்றிதழ் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அங்கே குட்டியை விடவும் வேண்டாம், செட் வாங்கவும் வேண்டாம்.